வாடைக்காற்றில் ஆண்ட்ரோஸ்: ஆறு நாள் ஃப்ளை தூண்டில் குறிப்புகள்

முதல் நாள். தென்கிழக்குக் காற்று, 12 நாட் (மணிக்கு 12 கடல்மைல்)

பஹாமாஸின் தலைநகர் நாசாவிலிருந்து சிறு விமானம் ஏறினால் கால் மணி நேரத்தில் ஆண்ட்ரோஸ். ஜன்னல் வழியே பார்த்தால் முதலில் கரும்நீலம். ‘டங் ஆஃப் தி ஓஷன்’ என்ற பெருங்கடல் பள்ளம் அது, ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம். அடுத்து பவளப்பாறையின் வெள்ளைக்கோடு, அதைத் தாண்டியதும் முழங்காலளவு தண்ணீரில் கிடக்கும் பழுப்பும் பச்சையுமான மணல்மேடுகள். இந்த மேடுகளுக்கு இங்கே ‘ஃப்ளாட்’ என்று பேர். நாங்கள் தேடி வந்த போன்ஃபிஷ் என்ற மீன் மேய வருவது இங்கேதான். அதைப் பிடிப்பது ‘ஃப்ளை’ போட்டு, அதாவது முள்ளில் நூலும் முடியும் சுற்றிக் கட்டிய போலி இரையை வீசி. தீவைக் குறுக்காக அறுத்துக்கொண்டு நார்த் பைட், மிடில் பைட், சவுத் பைட் என்று மூன்று நீர்வழிகள் ஓடுகின்றன. இந்த வாரம் நமக்கு வேண்டியது அந்த மூன்றும்தான். காற்று எந்தத் திசைக்குத் திரும்பினாலும் அவற்றில் ஏதாவது ஒரு கரை ஒதுக்குப்புறமாகக் கிடைத்துவிடும்.

ஜூன் தொடங்கி நவம்பர் வரை இங்கே சூறாவளிக் காலம். அப்போது தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வருவது மடமை. இப்போது ஜனவரி. இனி வரப்போவது வட அமெரிக்காவிலிருந்து இறங்கும் குளிர்முகப்பு, இங்குள்ளவர்கள் வாயில் ‘ஃப்ரண்ட்’. குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒன்று வந்தால்கூட ஆச்சரியமில்லை. வரும் வழி எப்போதும் ஏறத்தாழ ஒன்றேதான்: காற்று கிழக்கிலிருந்து தென்கிழக்காகும், தெற்காகும், தென்மேற்கில் கொஞ்சம் அடங்கும். பிறகு வடமேற்கில் கருமேகம் சுவர்போல எழும். மழையும் மின்னலும் அடித்து ஓய்ந்ததும் வடக்கிலிருந்து குளிர்ந்த வாடை. ஓரிரு நாளில் அது வடகிழக்காகத் தணிந்து மறுபடி கிழக்குக்கே வந்துவிடும். இந்த வட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த நாளில் எந்தக் கரை என்று முதல் நாளே குறித்துவிடலாம்.

மூட்டையில் இருக்கவேண்டியவை. 9 அடி நீள ராடு (தூண்டில் கோல்), 9-ஆம் எடை. ராடும் லைனும் எவ்வளவு கனமானவை என்பதற்கான எண் அது. அமைதியான நாளுக்கு 8 போதும், காற்றுக்கு 9. அதே 8-ஆம் எடை ராடில் 9-ஆம் எடை லைனை (ஃப்ளையைச் சுமந்து போகும் தடித்த நூல்) போட்டுச் சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். 30 அடிக்குள் வீசும்போது அது கைகொடுக்கும். அதற்கு மேல் போனால் ராடு அளவுக்கு மீறி வளைந்து, லைன் காற்றில் மடங்கி ஓடும் வளையம் விரிந்துவிடும், தடித்த லைன் காற்றையும் கூடுதலாக வாங்கும். ரீலில் லைனுக்குப் பின்னால் சேர்க்கும் பின்நூல், 30 பவுண்டு தாங்கும் டேக்ரான் இழை, 200 கெஜம். பிரேக்கை ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ இழுப்புக்குள் வைக்கவேண்டும். கைத்தராசை நூலில் மாட்டி இழுத்தே அளந்துகொள்ளுங்கள். கைக்கணக்கு இதில் ஏமாற்றும்.

லைனின் முனையையும் ஃப்ளையையும் இணைக்கும் நரம்பான லீடர்தான் முக்கியம். காற்றில்லாத நாளில் 12 அடி கட்டுவோம். இந்த வாரத்துக்கு 9 அடி: 40 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு 5 அடி, 25 பவுண்டு 2 அடி, நுனியில் 16 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு 2 அடி. பாதிக்கு மேல் தடித்த நரம்பாக இருந்தால்தான் லைனின் வேகம் நுனிவரை போய் ஃப்ளையைத் திருப்பிப் போடும். நுனி நீண்டுவிட்டால் லைன் நேராக விழும், ஃப்ளை மட்டும் காற்றில் திரும்பி நம் பக்கமே வந்து விழும்.

இன்னொன்று: 2017-இல் வந்த விதிகளின்படி வெளிநாட்டவர் இங்கே ஃப்ளாட்டில் மீன்பிடிக்க உரிமம் எடுத்தாக வேண்டும், போன்ஃபிஷைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். உரிமத்தின் அச்சுப்பிரதியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள்.

இரண்டாம் நாள். தென்கிழக்கிலிருந்து தெற்கு, 18 நாட். கடலேற்றம் காலை 9 மணிக்கு

முகப்புக்கு முந்தைய நாள். காற்று வெதுவெதுப்பு, பாரமானி இறங்குமுகம், ஃப்ளாட்டில் தண்ணீர் 25 டிகிரி. வாரத்திலேயே மீன் நன்றாக வாய் வைக்கும் நாள் பெரும்பாலும் இதுதான். ஊர்ப்பயணக் களைப்பு என்று அறையில் படுத்துவிடக் கூடாது.

18 நாட் என்றால் மணிக்கு 33 கிலோமீட்டர். கடல் சிலுசிலுவென்று நெளியும். புதிதாக வருபவர்கள் ‘இதில் எப்படி 70 அடி வீசுவது’ என்று கலங்குவார்கள். 70 அடி தேவையே இல்லை. நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் இருந்தால் மீன் நம்மை 60 அடியிலேயே பார்த்துவிடும். நெளியும்போது அதனால் மேலே தெளிவாகப் பார்க்க முடியாது, படகு 35 அடிவரை நெருங்கலாம். ஃப்ளை விழும் சத்தத்தையும் அலையே விழுங்கிவிடும். அமைதியான நாளில் மீனுக்கு 8, 10 அடி முன்னே போடவேண்டிய ஃப்ளையை இன்று 3, 4 அடி முன்னே போடலாம். காற்று தூரத்தை வாங்கிக்கொண்டு நெருக்கத்தைத் தருகிறது. இதை ஒத்துக்கொண்டு 40 அடி வீச்சை மட்டும் துல்லியமாக்கினால் புயல் வாரத்தில் மீன் கிடைக்கும். ஊரிலேயே ஒரு மைதானத்தில் 40 அடியில் பழைய சைக்கிள் டயரைப் போட்டு, காற்றடிக்கும் சாயங்காலங்களில் பழகுவதைவிட நல்ல தயாரிப்பு கிடையாது.

எதிர்காற்றில் எப்படி? பின்வீச்சை உயரமாக அனுப்பி, முன்வீச்சைத் தாழ்வாக முடிக்கவேண்டும். லைன் நேராவது தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நடக்கட்டும். தலை உயரத்தில் நேரானால் லீடரைக் காற்று தூக்கிப் பின்னால் எறிந்துவிடும். வேகம் வரவேண்டியது ‘ஹால்’, அதாவது வீசும்போதே இடதுகையால் லைனைச் சட்டென்று இழுப்பதிலிருந்து. வலது தோளால் முரட்டடி கொடுத்தால் ராடின் நுனி போகும் பாதை நடுவில் குழிந்துவிடும், வளையத்தின் மேல்பகுதி கீழ்ப்பகுதியை வெட்டும், லீடரில் ஒரு முடிச்சு விழும். எல்லோரும் இதைக் ‘காற்று முடிச்சு’ என்கிறார்கள். காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காற்றைக் கண்டு நாம் கொடுத்த முரட்டடிதான் காரணம். அந்தச் சின்ன முடிச்சு நரம்பின் பலத்தைப் பாதியளவுக்குக்கூடக் குறைத்துவிடும். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை லீடரை இரண்டு விரலிடையே உருவிப் பாருங்கள். முடிச்சு தட்டினால் அவிழ்க்க உட்காராமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

பின்காற்றில் இது தலைகீழ். பின்வீச்சைத் தாழ்வாகவும் வலுவாகவும் காற்றுக்குள் செலுத்தவேண்டும், முன்வீச்சைக் கொஞ்சம் மேல்நோக்கி விட்டால் மீதியைக் காற்றே பார்த்துக்கொள்ளும்.

படகில் பாதி மீன் கைநழுவுவது கால்மாட்டில் கிடக்கும் லைனால். ரீலிலிருந்து 80 அடி உருவிப் போட்டுவிட்டு நின்றால் காற்று அதை அள்ளி மோட்டாருக்கும் செருப்புக்கும் அடியில் செருகிவிடும். தேவை 45 அடி. அதை ஒருமுறை வீசி, திரும்ப இழுத்துப் போடுங்கள். அப்போதுதான் முதலில் போகவேண்டிய பகுதி மேலாகக் கிடக்கும். லைன்மேல் ஒரு குவளை கடல்நீர் ஊற்றினால் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு நில்லுங்கள், லைனை மிதித்தால் பாதமே சொல்லிவிடும்.

பின்தட்டில் கழி ஊன்றும் வழிகாட்டி திசையைக் கடிகாரக் கணக்கில் சொல்வார். படகின் மூக்கு 12 மணி. ‘பதினொரு மணி, நாற்பது அடி, இடப்பக்கம் நகருது’ என்று குரல் வந்ததும் முதலில் ராடை அந்தத் திசைக்கு நீட்டுங்கள். அவர் ‘இன்னும் இடது’, ‘போதும்’ என்று திருத்துவார். காற்றில் சொல் பாதிதான் காதில் விழும், நீட்டிய ராடு இருவருக்கும் பொதுவான மொழி.

ஃப்ளை விழுந்ததும் ராடின் நுனியை ஓரங்குலம் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். வெளியே நிற்கும் நுனிக்கும் நீருக்கும் நடுவில் தொங்கும் லைனைக் காற்று வில்லாக வளைக்கும். மீன் ஃப்ளையை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பியதுகூட நமக்குத் தெரியாது. இழுப்பு ஆறு அங்குலம், ஆறு அங்குலம், நிறுத்தம். மீன் பின்தொடர்ந்து தலையைக் குனிந்தால் இடதுகையால் ஓரடி நீளமாக இழுங்கள். ராடைத் தூக்கவே கூடாது. தூக்கினால் ஃப்ளை மீனின் வாய்க்கு மேலே எழும்பிவிடும், தவறிய ஃப்ளைக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைக்காது. இழுத்த இழுப்பிலேயே மாட்டாமல் போனாலும் ஃப்ளை ஓரடிதான் நகர்ந்திருக்கும், மீன் மறுபடி பாயும்.

மாட்டியதும் கண் மீன்மேல் போகும். போகவிடாதீர்கள். பலகையில் கிடக்கும் லைனைப் பாருங்கள், இடதுகை விரலிரண்டால் வளையம் செய்து அதன் வழியே ஓடவிடுங்கள். லைன் முழுதும் ரீலுக்கு வந்தபிறகு மீனை ரசிக்க நிறைய நேரம் இருக்கிறது.

மூன்றாம் நாள். தென்மேற்கு, பிறகு வடமேற்கு 30 நாட். கடலுக்குப் போகவில்லை

காலையில் காற்று செத்துக் கிடந்தது. இந்த அமைதியைப் பார்த்துப் படகெடுப்பதுதான் பெரிய ஆபத்து. பத்தரை மணிக்கு வடமேற்கில் சாம்பல் சுருள் தெரிந்தது, பதினொன்றேகாலுக்கு மழை கிடையாக அடித்தது.

மின்னலுக்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு: மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்க 30 வினாடிக்குள் ஆனால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கரை ஏறுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பக் கூடாது. ஃப்ளை ராடு கார்பன் இழை, மின்சாரம் கடத்தும். தட்டையான கடல்மேட்டில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைவிட உயரமான பொருள் ஒரு மைலுக்கு இருக்காது. நடுவழியில் மாட்டிக்கொண்டால் ராடைப் படகில் படுக்கையாகப் போட்டுவிட்டு, உடலைத் தாழ்த்தி உட்கார்ந்து, அருகிலுள்ள கரைக்குப் போகவேண்டும்.

மழை நாள் ஃப்ளை கட்டும் நாள். போன்ஃபிஷ் ஃப்ளைக்கும் இந்தத் தீவுக்கும் பழைய உறவு உண்டு. ‘க்ரேஸி சார்லி’யை 1977-இல் பாப் நாஹைம் கட்டியது இங்கே வழிகாட்டி சார்லி ஸ்மித்துடன் மீன்பிடித்த அனுபவத்திலிருந்து, பெயரும் அவருடையதே. இன்று எங்கள் மேசையில் ‘காட்சா’ என்ற ஃப்ளை, காற்றுக்கென்று கொஞ்சம் மாற்றியது.

4-ஆம் எண் துருப்பிடிக்காத தூண்டில் முள். அதன் எதிர்முள்ளை முதலிலேயே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கட்டிமுடித்தபின் நசுக்கப்போய் முள் முறிந்தால் பத்து நிமிட உழைப்பு வீண். இளஞ்சிவப்பு நூலைத் தண்டில் சுற்றி, நரம்பு கட்டும் துளையிலிருந்து முழுதாக மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டுக் கண்களை (ஃப்ளைக்கு எடை தரும் இரட்டை மணி) வையுங்கள். வழக்கமாக இங்கே மணிச்சங்கிலிக் கண் வைப்பார்கள். நாளை ஆழமான தண்ணீரிலும் நீரோட்டத்திலும் வீசப்போவதால் சிறிய ஈயக் கண். குறுக்கும் நெடுக்குமாகப் பத்துச் சுற்று, பிறகு கண்ணுக்கும் தண்டுக்கும் நடுவே கிடையாக ஐந்து சுற்று, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. அந்தக் கிடைச்சுற்றை விட்டால் கண் இரண்டாம் மீனிலேயே திருகிக்கொள்ளும், ஃப்ளை பக்கவாட்டில் படுத்து நீந்தும்.

வாலுக்கு முத்துநிற மைலார் இழைகள், அரை அங்குலம். உடலுக்கு முத்துநிறப் பின்னலைக் கண்வரை சுற்றுங்கள். பிறகு முள்ளைத் தலைகீழாகத் திருப்பி, முள்நுனி இருக்கும் பக்கத்தில் மணல்நிறச் செயற்கை முடியைக் கண்ணுக்கு முன்னால் கட்டுங்கள். ஈயக்கண்ணின் எடையால் ஃப்ளை நீரில் புரண்டு முள்நுனி மேல்பார்த்து நீந்தும். முடி அந்த நுனியை மறைக்கும், கடற்புல்லில் சிக்காமலும் காக்கும். முடி எவ்வளவு? தீக்குச்சித் தடிமன், அதற்கு மேல் வேண்டாம். அடிமுடியில் இருக்கும் பஞ்சைச் சீப்பால் வாரி எறிந்துவிடுங்கள். பஞ்சு தங்கினால் ஃப்ளை குடைபோலக் காற்றைப் பிடிக்கும், தண்ணீரிலும் மெதுவாக இறங்கும். காற்றில் சிக்கல் பண்ணும் ஃப்ளைகளில் பெரும்பாலானவை முடி அதிகமானவையே.

நான்காம் நாள். வடக்கு, 25 நாட். காற்று 17 டிகிரி, ஃப்ளாட்டில் தண்ணீர் 19

வானம் துடைத்துவிட்டதுபோல் நீலம், வாடை மட்டும் எலும்பைத் தொட்டது. மார்கழிக் காலையில் குளத்தங்கரையில் நிற்கிற குளிர் இல்லை இது. உப்புச்சாரல் நனைத்த சட்டையில் 25 நாட் காற்று. படகு ஓடும்போது முழு மழைச்சட்டை போட்டே ஆகவேண்டும்.

தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் போன்ஃபிஷ் முழங்காலளவு மேட்டில் நிற்காது. ஆழமில்லாத நீர் ஒரே இரவில் சில்லிட்டுவிடும், பக்கத்து வாய்க்கால் சூட்டை வைத்திருக்கும். அதனால் இன்று நீருக்கு மேல் தெரியும் மீன்வாலைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் கலங்கலைத் தேடினோம். மிடில் பைட்டின் வடகரையை ஒட்டி, அலையாத்திக் காட்டின் மறைவில், ஐந்தாறு அடி ஆழம். கூட்டமாக மேயும் மீன் சேற்றைக் கிளறும்போது சுண்ணாம்புத் தண்ணீர்போல் வெள்ளைத் திட்டு எழும். தண்ணீரில் கரைத்த மோர்போலப் பரவி ஓரம் மங்கினால் பழைய திட்டு, மீன் நகர்ந்துவிட்டது. ஓரம் கூராகவும் நிறம் அடர்த்தியாகவும் இருந்தால் புதியது. மீன் நீரோட்டத்தை எதிர்த்தே மேயும், ஆகவே திட்டின் மேல்நீர் முனையில்தான் கூட்டம் இருக்கும். அங்கே வீசி, ஃப்ளை தரை தொடும்வரை ஐந்து எண்ணி, பிறகு இழுக்கவேண்டும். தரை தொடாத ஃப்ளைக்கு இன்று மதிப்பில்லை. கண்ணால் பார்த்து வீசும் சுகம் இதில் கிடையாது, மீன் நிச்சயம் உண்டு.

எதிர்பாராத தொல்லை ஒன்று: வெப்பமண்டல ஃப்ளை லைனின் பூச்சு வெயிலில் குழையாதபடி கெட்டியாகச் செய்தது. இந்தக் குளிரில் அது ரீலில் இருந்த சுருளை மறப்பதில்லை. ராடின் வளையங்களில் சிக்கித் தூரம் குறையும். காலையிலேயே 60 அடியை உருவி, இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று நிதானமாக அரை நிமிடம் இழுத்துப் பிடித்தால் நேராகும். மதியம் ஒருமுறை மறுபடி செய்யவேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள். வடகிழக்கு, 20 நாட். ஏற்றம் நண்பகலில்

மேற்குக் கரைதான் காற்று மறைவு. ஆனாலும் போகவில்லை, இரண்டு காரணம். அந்தப் பக்கம் கடல் மிகவும் மேலோட்டமானது, அடித்த குளிர் இன்னும் இறங்கியிருக்காது. கிழக்குக் காற்று மேற்குக் கரையிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளும், அட்டவணையில் ஏற்றம் என்று போட்டிருக்கும் நேரத்திலும் படகு தரைதட்டலாம். கிழக்குப் பக்கத்திலோ ஆழ்கடல் கூப்பிடு தூரத்தில். அந்தப் பள்ளத்தின் நீர் குளிர்முகப்புக்கு அசைவதில்லை, ஏற்றத்தோடு வெதுவெதுப்பை ஃப்ளாட்டுக்குள் கொண்டுவரும். பத்து மணிக்கு 20 காட்டிய வெப்பமானி ஒன்றரைக்கு 23 காட்டியது. முகப்புக்குப் பின் முதலில் உயிர் பெறும் இடம் இது. காற்று முகத்தில் அறைந்தாலும் இங்கேதான் நிற்கவேண்டும்.

படகை நங்கூரமிட்டு இறங்கி நடந்தோம். 20 நாட்டில் படகின் பக்கவாட்டில் அலை தட்டும் சத்தமே மீனை விரட்டிவிடும். நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகருங்கள், திருக்கை மிதிபடாமல் விலகிவிடும்.

வலதுகைக்காரருக்கு வலப்பக்கக் காற்று அபாயமானது. லைனும் முள்ளும் தலைக்குக் குறுக்கே வரும். மூன்று வழி உண்டு. மணிக்கட்டை நெற்றிக்கு மேலே கொண்டுபோய் ராடை இடதுதோள் பக்கமாகச் சாய்த்து வீசுவது ஒன்று. பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகக் கொண்டுபோய், நிறுத்தாமல் வளைத்து, முன்வீச்சைத் தலைக்குமேல் முடிக்கும் பெல்ஜியன் வீச்சு இன்னொன்று. மூன்றாவதுதான் எங்களுக்குப் பிடித்தது: முதுகை மீனுக்குக் காட்டித் திரும்பி நின்று, பின்வீச்சையே மீனிடம் போடுவது. லைன் எப்போதும் காற்றுக்கு மறுபக்கமே இருக்கும். துல்லியம் வர ஒரு வாரப் பழக்கம் போதும்.

அப்படியும் முள் தைத்தால்: எதிர்முள் நசுக்கியிருந்தால் போன வழியே திருப்பி எடுத்துவிடலாம். நசுக்கவில்லையென்றால், முள்ளின் வளைவில் தடித்த நரம்பை வளையமாகப் போட்டு, தண்டைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தண்டுக்கு இணையாகச் சட்டென்று ஒரே இழுப்பு. கண்ணருகிலோ கழுத்திலோ தைத்தால் கைவைக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் இந்தக் காற்றில் ராடையே தொடக்கூடாது.

ஆறாம் நாள். கிழக்கு, 12 நாட்

காற்று தணிந்தது, மீன் மறுபடி மேட்டுக்கு ஏறியது. தண்ணீர் தெளிய ஆரம்பித்ததும் ஈயக்கண் ஃப்ளை சத்தம் போட்டது, மணிச்சங்கிலிக் கண்ணுக்கு மாறினோம். லீடரை இரண்டடி நீட்டினோம். சீலாவும் எலுமிச்சைச் சுறாவும்கூடத் திரும்பியிருந்தன. அவை இருக்கும் இடத்தில் மீனை நீண்ட நேரம் விளையாடவிட்டால், களைத்த மீன் விட்டவுடன் சுறாவின் வாயில். 16 பவுண்டு நுனி கட்டியதே சீக்கிரம் கரைசேர்க்கத்தான். கையை நனைத்து, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். அது சொந்தமாக வாலை உதைத்துப் போகும்வரை கையை விடாதீர்கள்.

மூட்டை கட்டுமுன் ரீல். ஐந்து நாள் சாரல் உள்ளே போயிருக்கும். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு இன்னும் உள்ளே போய் பிரேக்கில் உட்காரும். பிரேக்கை இறுக்கி, வாளி நன்னீரில் ஒரு நிமிடம் அலசி, துணியால் துடைத்து, பிரேக்கை முழுதும் தளர்த்தி நிழலில் காயவையுங்கள். பின்நூலில் மீன் இழுத்த தூரம்வரை தனியாக உருவி, அதையும் நன்னீரில் நனைத்தெடுங்கள். டேக்ரானில் தங்கிய உப்பு ரீலின் உட்புறத்தை அரிக்கும். ராடின் இணைப்புகளைக் கழற்றித் துடைத்து, அன்றிரவு உறைக்குள் போடாமல் வெளியே சாய்த்து வையுங்கள்.